பூனை மண்

அலமாரியில் ஐந்து வகை இருந்தன. நான்கு வகை தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டன. தேங்காய் நார்த்தூள், இயற்கையின் கொடை. பைன் மரத்தூள் உருண்டை, பூமிக்குப் பாரமில்லை. சோயாச் சக்கை, செடிக்கு உரமாகும். பழைய காகிதம், மறுபிறவி எடுத்தது. ஐந்தாவது கீழ்த்தட்டில் மூட்டையாகச் சாய்ந்து கிடந்தது, வெறும் களிமண், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூனைக்குக் கழிப்பிட மண் வாங்க வந்த செழியன் இவற்றுக்கு முன்னால் இருபது நிமிஷமாக நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, திருச்சி தில்லைநகரில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை, கூண்டுக் கிளிகள் காது கிழியக் கத்துகின்றன, அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கண்ணுக்குள் சுக்கு இன்னும் உட்கார்ந்தே இருக்கிறது. சுக்கு நிறத்தில் இருந்ததால் சுக்கு என்று பேர் வைத்த பூனை, அவன் மாமனாரின் மெத்தையில், ஜன்னல் பக்கத்து ஓரத்தில், வாலை லேசாகத் தூக்கிக்கொண்டு, பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு, மகா பொறுமையாக. காலை ஒன்பது இருக்கும். மாமனார் குளிக்கப் போயிருந்தார். கொடியில் காய்ந்த துண்டை எடுக்க அந்தச் சின்ன அறை வழியாகப் பால்கனிக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பத்து விநாடி. சுக்கு முடித்தது, விரிப்பை இரண்டு தரம் பிறாண்டி மூடுகிற மாதிரி பாவனை செய்தது, இறங்கி வந்து அவன் காலில் உரசிவிட்டுப் போனது. விரிப்பில் கை அகலத்துக்கு ஈரம். மூன்று வாரமாக அதே இடம், அதே அகலம். மூன்று வாரமாக அது கோதண்டபாணி மாமாவுடையது என்று அந்த வீட்டில் தீர்ப்பாகிக் கிடக்கிறது. தீர்ப்புச் சொன்ன மகராசன் செழியன்தான்.

விரிப்பைச் சுருட்டி வாஷிங் மெஷினில் திணித்தான், பொத்தானை அமுக்கினான், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். "பூனை மண் தீந்துபோச்சு, போய் வாங்கிட்டு வந்துர்றேன்." அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த தமயந்தி, "காலங்காத்தால அதுக்கு என்ன அவசரம்?" என்றாள், நிமிரவில்லை. நல்லவேளை நிமிரவில்லை. பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் புருஷன் மூஞ்சியைப் படிக்க எவ்வளவு நேரமாகும். மண் எங்கே தீர்ந்தது? அரை மூட்டை பால்கனியில் அப்படியே இருக்கிறது, மரத்தூள் உருண்டை, அவனே ஆசை ஆசையாகத் தேடிப்பிடித்தது. களிமண்ணைப் பூமியைத் தோண்டித்தான் எடுக்கிறார்கள், குப்பைக்குப் போனால் மக்காமல் கிடக்கும் என்று எதிலோ படித்துவிட்டான். படித்தால் சும்மா இருக்க முடியுமா அவனால். துணிப்பை தூக்குகிறவன், எலுமிச்சைத் தோலில் பாத்திரம் கழுவும் திரவம் செய்கிறவன், கல்யாணப் பந்தியில் பிளாஸ்டிக் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இலைக்காரருக்குப் பாடம் எடுக்கிறவன். மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் முன்னால், ஒரே நாளில், ஒரே வீச்சில் மாற்றினான். பழைய மண்ணை மொத்தமாகக் கொட்டி, தொட்டியை டெட்டால் போட்டுத் தேய்த்து, புது உருண்டையை நிரப்பி, போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். பதினான்கு பேர் கைதட்டினார்கள். தொட்டியைக் கூடத்து மூலையிலிருந்து தூக்கி, மாமா அறையை ஒட்டின பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும் அன்றைக்குத்தான். கூடத்தில் நாலு பேர் வந்துபோகிற இடத்தில் வாடை வரக்கூடாதில்லையா. மாமா அறையில் வந்தால்? அதை அவன் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது, அதுவும் ஒரு அசிங்கம், பெரிய அசிங்கத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற சின்ன அசிங்கம்.

வாடை. அதைச் சொல்லித்தானே அவனுக்குச் சோறு போடுகிறார்கள். புறநகரில் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் தரம் பார்க்கிற வேலை, பதினெட்டு வருஷம். கேன் மூடியைத் திறந்த கையோடு மூடியின் உள்பக்கத்தை மூக்குக்குக் கொண்டுபோவான், ஒரே மோப்பம், முடிந்தது. இது இன்றைய கறவை. இதில் நேற்றைய பாலைக் கலந்திருக்கிறது. இது திரியத் தொடங்கிவிட்டது, எடுத்துக்கொண்டு போ. மெஷின் அப்புறம்தான், முதலில் செழியன் சாரின் மூக்கு. போன வருஷம் ஒரு அம்மாள், செல்லாயி, மணிகண்டம் பக்கத்திலிருந்து வருகிறவள், திருப்பி அனுப்பின கேனைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நின்றாள். இன்னொரு தரம் மோந்து பாருங்க சாமி என்றாள். மூக்கு பொய் சொல்லாதும்மா என்றான். அவள் அந்தப் பாலை அங்கேயே வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டுப் போனாள். அது நல்ல பாலாக இருந்திருந்தால்? இது எங்கிருந்து வந்தது இப்போது, கடையில் கிளிக்கூண்டுக்குப் பக்கத்தில். ஆனால் வந்துவிட்டது, போக மாட்டேன் என்கிறது. பூனை மூத்திரம் எப்படி இருக்கும் என்று ஐந்து வருஷமாகப் பூனை வளர்க்கிறவனுக்குத் தெரியாதா? சுருக்கென்று ஏறும், கண்ணைக் கரிக்கும், பினாயில் ஊற்றினால் பினாயிலோடு சேர்ந்துகொண்டு நாறும். தீர்ப்புச் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான் ஏறியது. மூக்கு சொன்னது. அவன்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறையில் எழுபத்து நாலு வயதுக் கிழவர் இருந்தார், மெத்தையில் ஈரம் இருந்தது, இதற்கு மேல் மூக்கு எதற்கு. கேனை வைத்தே ஆளை முடிவு செய்கிறவனுக்கு ஆளை வைத்து வாடையை முடிவு செய்ய எவ்வளவு நேரம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. மாமா வழக்கம்போல ஜன்னல் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு எழுந்தார். வேட்டியின் பின்பக்கம் ஈரம். அதைச் செழியனும் பார்த்தான், கையை வைத்து மாமாவும் தொட்டுப் பார்த்தார். நனைந்த மெத்தையில் போய் உட்கார்ந்தால் வேட்டி நனையாமல் என்ன செய்யும். இப்போது யோசித்தால் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடப் புரியும். அன்றைக்கு மூன்று பேரில் ஒருவருக்கும் புரியவில்லை. தமயந்தி அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அப்பாவுக்கா இப்படி" என்றாள். குளித்தலை ஸ்கூலில் முப்பத்திரண்டு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவர், விசிலை ஊதினால் மைதானமே நிமிரும், இன்றைக்கும் நடந்தால் முதுகு வளையாது. மாமி போன பிறகு, மகன் பஹ்ரைனில், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்தார். வரும்போதே தன் இலவம்பஞ்சு மெத்தை, தன் வாளி, தன் மக்கு, தன் தட்டு என்று எல்லாவற்றையும் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டோம் என்கிற கூச்சம் அந்த மனுஷனுக்கு ஒருநாளும் விட்டதில்லை. கூடத்தில் செழியன் இருந்தால் சோபாவில் உட்காரமாட்டார், ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிதான். பேப்பரை மாப்பிள்ளை படித்து மடித்து வைத்த பிறகுதான் தொடுவார். காப்பியில் சர்க்கரை இல்லாவிட்டால் சர்க்கரை இல்லாமலே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். அப்படிப்பட்டவருக்கு, "நான் பாத்துக்கறேன், நீ அழாத" என்று பெண்டாட்டியைத் தேற்றிவிட்டு, மெடிக்கலுக்குப் போய், பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட், பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, கொண்டுவந்து கட்டிலில் துண்டுக்கு அடியில் வைத்தான். வைத்துவிட்டு ஒரு பேச்சு வேறு பேசினான். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான் மாமா, கூச்சப்படாதீங்க, நான் உங்க மகன் மாதிரி. குரலை எப்படிக் குழைத்தான் அன்றைக்கு. நினைத்தால் இப்போது தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. மாமா துண்டைத் தூக்கிப் பார்த்தார், திரும்பவும் மூடினார். "உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கறேன் மாப்பிள்ளை" என்றார். செழியனுக்கு அந்த நிமிஷம் மனசு நிறைந்துவிட்டது. நிறைந்தது, ஆமாம், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. எத்தனை மாப்பிள்ளைகள் இப்படிச் செய்வார்கள் என்று நினைத்தான். மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அதை அப்படியும் இப்படியும் சுற்றி வளைத்து நாலு பேர் காதில் விழவும் வைத்தான். பூமிக்குப் பாரமென்று பூனையின் மண்ணை மாற்றினவன், மக்கவே மக்காத பிளாஸ்டிக்கை ஒரு மனுஷனின் இடுப்பில் கட்டிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

அதையாவது விடலாம். அந்த "ஆமாங்க"வை எங்கே கொண்டுபோய் வைப்பது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனானே, ஸ்கேன் எல்லாம் பார்த்தார்களே. டாக்டர் நல்ல மாதிரி, நிதானமாகக் கேட்டார். உங்களுக்குத் தெரியாமலே போயிடுதுங்களா ஐயா? மாமா டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பிச் செழியனைப் பார்த்தார், ஒரு கணம்தான், பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார். ஏன் சொன்னார்? அந்த ஈரம் தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் சொன்னாரா? வெளி மனுஷர் முன்னால் மாப்பிள்ளை சொன்னது தப்பு என்று ஆகக்கூடாது என்பதற்காகவா? அப்படியும் இருக்கும். அவர் சம்பிரதாயம் அப்படி. மாப்பிள்ளை உப்பு அதிகம் என்றால் அதிகம், குறைவு என்றால் குறைவு. இல்லை, நிஜமாகவே நம்பிவிட்டாரோ? தன் வேட்டி, தன் ஈரம், மாப்பிள்ளையே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார், பெண் அழுகிறாள், இதற்கு மேல் தன் உடம்பைப் பற்றித் தானே என்ன சாட்சி சொல்வது என்று விட்டுவிட்டாரோ? இரண்டில் எது என்று காலையிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். முதலாவது என்றால் அவர் ஒரு பொய்யைச் செழியனுக்காகச் சுமக்கிறார். இரண்டாவது என்றால், ஐயோ, இரண்டாவது முதலாவதைவிட மோசம். அந்த ஒரு கணப் பார்வை. அதில் கேள்வி இருந்தது. அப்படித்தானா மாப்பிள்ளை, அப்படித்தான் சொல்லணுமா என்கிற மாதிரி. செழியன் அப்போது தலையை ஆட்டினான். ஆறுதலாக ஆட்டுவதாக நினைத்துக்கொண்டு ஆட்டினான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையில் நாக்கு வறள்கிறது என்று தமயந்தியிடம் மட்டும் சொன்னாராம். வறண்டாலும் தண்ணீர் குடிக்கப் பயம், நாலு மணிக்கு மேல் ஒரு மடக்கு குடிப்பதில்லை. பூங்காவில் காலையில் நடக்கிற ரிட்டயர்டு கோஷ்டி, அதில் ஆறு பேர், போன வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார், மாஸ்டர் ஏன் வரதில்லை என்று. மாமா உள்ளேயிருந்து, முழங்கால் வலி சார் என்று குரல் மட்டும் கொடுத்தார்.

"சார், இருபது நிமிஷமா அட்டையைப் படிக்கறீங்க, அதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு?" கடைக்கார அம்மாள் ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும், கையில் முயல் புல்லை அள்ளின கூடை. செழியன் ஏதோ சொல்ல வாயெடுத்து, "பூனை தொட்டிக்குப் போகமாட்டேங்குது" என்றான். அதைச் சொல்லும்போதே முகம் சூடானது, என்னமோ தானே போகாத மாதிரி. "என்ன மண்ணு போடறீங்க? இந்த மரத்தூள் உருண்டையா? முன்னாடி களிமண்ணா? ஒரே நாள்ல மாத்திட்டீங்களா? அப்புறம் எப்படி சார் போகும். இத்தனை நாளா மெத்து மெத்துனு கால் வச்ச பூனை, இந்த உருண்டையில வச்சா உள்ளங்கால்ல குத்தும். பழசுல ஒரு கை புதுசைக் கலக்கணும், நாலு நாள் கழிச்சு ரெண்டு கை, அதுக்கும் அப்புறம்தான் பாதிக்குப் பாதி. அது ஒத்துக்கலைன்னா விட்டுரணும். தொட்டி எங்க இருக்கு?" வாஷிங் மெஷின் பக்கத்தில் என்றான். அவள் சிரித்துவிட்டாள். "உக்காந்திருக்கும்போது பக்கத்துல அது திடுதிடுன்னு ஆடினா நீங்க போவீங்களா? டெட்டால் போட்டுக் கழுவினீங்களா? கழுவியிருப்பீங்க. சரி, தொட்டிக்குப் போகலைன்னா வேற எங்க போகுது?" செழியன் கிளியைப் பார்த்தான். "மெத்தையில." "பஞ்சு மெத்தையா? அதான். தோண்டறதுக்கு வாகா இருக்கும். ஒரு தடவை போன இடத்துல அதோட வாடை நிக்கும், திரும்பத் திரும்ப அங்கயேதான் போகும். எத்தனை நாளா இது தெரியாம இருந்தீங்க?" மூன்று வாரம் என்றான். "மூணு வாரமா? அந்த நாத்தத்துக்கு யாரைச் சொல்லிட்டிருந்தீங்க?" சும்மா, பேச்சுவாக்கில்தான் கேட்டாள், கேட்டுவிட்டுக் கூடையோடு முயல் பக்கம் போய்விட்டாள். செழியன் அலமாரிப் பக்கம் திரும்பினான். கீழ்த்தட்டிலிருந்து களிமண் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். நார்த்தூளில் ஒரு சின்னப் பை எடுத்தான், மெதுவாகக் கலந்து பார்க்கலாம் என்று. பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டான். தன் நல்லபுத்திக்கு இன்னும் கொஞ்சநாள் விடுமுறை கொடுப்பது எல்லோருக்கும் நல்லது.

ஸ்கூட்டரில் மூட்டையைக் காலடியில் வைக்கும்போது போன் அடித்தது, தமயந்தி. "என்னங்க, பூனை மண்ணு வாங்க இவ்வளவு நேரமா? சரி, வர்ற வழியில மெடிக்கல்ல அப்பாவுக்கு அது ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க. ரெண்டோ என்னமோதான் இருக்கு." அது. அந்த வீட்டில் அதற்குப் பேர் கிடையாது, அது என்றால் அது. இப்போது சொல்லிவிடலாம். தமயந்தி, அது வேண்டாம், அது மாமா இல்லை. வாய் வரைக்கும் வந்தது. நடுரோட்டில் நின்றுகொண்டு போனில் சொல்கிற விஷயமா என்று ஒரு சாக்கு கிடைத்தது, சட்டென்று பிடித்துக்கொண்டான். "ம்" என்றான். வைத்துவிட்டான். வைத்த பிறகு இன்னொரு சாக்கு மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. சொல்லத்தான் வேண்டுமா? களிமண்ணைப் போட்டு, தொட்டியைப் பழைய மூலையில் வைத்து, மெத்தையை வெயிலில் காயவைத்துவிட்டால் நாலு நாளில் ஈரம் நின்றுவிடும். மாத்திரை நல்லாக் கேக்குது மாமா, இனிமே அது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மாமாவுக்கும் சந்தோஷம், தமயந்திக்கும் நிம்மதி, பூனைக்கும் பழியில்லை. செழியன் சார் மாமனாரை அப்பா மாதிரிப் பார்த்துக்கொள்கிற மாப்பிள்ளையாகவே ஆயுசுக்கும் இருந்துவிட்டுப் போகலாம். எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது பார், ஒரு இடத்தில்கூடக் குத்தவில்லை. சாஸ்திரி ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. சரி என்று முடிவே செய்துவிட்டான். பச்சை விழுவதற்குள் பஹ்ரைன் ஞாபகம் வந்தது. மச்சான் போன வாரம் கூப்பிட்டபோது கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். நீங்க கவலைப்படாதீங்க மச்சான், நான் எல்லாம் பாத்துக்கறேன், அந்த வாடைக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல, மத்தபடி ஒண்ணும் இல்லை. பேசி முடித்துத் திரும்பினால் மாமா அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அன்றைக்கு மத்தியானம் மாமா இரண்டாம் தரம் குளித்தார். செழியன் அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு தரம்தான் வருகிறது என்று நினைத்தான். நினைத்தது யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது, இதோ, இப்போது, பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறபோது. இல்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் சாகிற வரைக்கும், தான் பெண் வீட்டை நாற அடித்தவன் என்றே நினைத்துக்கொண்டு சாவார். சொல்ல வேண்டும், முழுசாக, தமயந்தி இல்லாமல், முதலில் அவரிடம். மெடிக்கல் கடை வந்தது, தாண்டிப் போனான். நிறுத்தவில்லை. அதிலே கொஞ்சம் தைரியம்கூட வந்த மாதிரி இருந்தது.

மூட்டையோடு மூன்று மாடி ஏறினான், லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் சொல்ல வைத்திருப்பது கலைந்துவிடும் என்று பயம். அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நல்லது. மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். விரிப்பில்லாத மெத்தையை விட்டு, ஜன்னலோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் கோதண்டபாணி, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண், நேற்றைய பேப்பர். அவனைக் கண்டதும் எழுந்தார். எப்போதும் எழுவார். உட்காருங்க மாமா என்றான், உட்காரவில்லை, இவனும் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. மூட்டையைக் கீழே வைக்கவும் மறந்துபோய், அதைக் கட்டிக்கொண்டே பேசினான்.

"மாமா, அது நீங்க இல்லை."

"எது மாப்பிள்ளை?"

"மெத்தையில ஈரம். நீங்க இல்லை, பூனை. இன்னைக்குக் காலையில நீங்க குளிக்கப் போனப்ப என் கண்ணால பாத்தேன். நான் மண்ணை மாத்தினேன்ல, அது பிடிக்காம இங்க வந்து போயிருக்கு. நீங்க தெரியாம அது மேல உக்காந்திருக்கீங்க, அதான் வேட்டி நனைஞ்சுது. மூணு வாரமா எனக்குத் தெரியல மாமா. பாக்காமலே சொல்லிட்டேன். தப்பு என்னோடது. மாத்திரை வேணாம், அதுவும் வேணாம். என்னை மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டான். அவர் கோபப்படுவார், பட வேண்டும், இல்லை அழுதுவிடுவார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். மாமா அவனையே பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தளர்ந்தது, சிரித்தார். மூன்று வாரத்தில் அவர் சிரித்து அவன் பார்க்கவில்லை.

"என் பொண்ணு கொடுத்து வச்சவ மாப்பிள்ளை" என்றார்.

"மாமா, நான் என்ன சொல்றேன்னா—"

"புரியுது. என் மனசு நோகக்கூடாதுன்னு பாக்கறீங்க. பெத்த மகன் இப்படி யோசிப்பானான்னு தெரியல. ஆனா பாவம், வாயில்லாத ஜீவன், அது மேல பழி போட வேணாம்."

"சத்தியமா மாமா. என் கண்ணால பாத்தேன். தமயந்தி மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் எதுக்கு. பாத்திருப்பீங்க. இன்னைக்கு அதுவும் போயிருக்கும், யாரு இல்லைன்னா." கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "முதல்ல நானும் இல்லைன்னுதான் நினைச்சேன். எனக்குத் தெரியாம எப்படிப் போகும்னு. இப்ப ஒரு வாரமா உள்ளேயே நனையுது மாப்பிள்ளை. அதுக்குள்ளயுமா பூனை வரும்?"

மிக்ஸி நின்றது. செழியன் கையில் மூட்டை கனத்தது. மாத்திரையால இருக்கும் மாமா, பயத்தால இருக்கும், அதைக் கட்டிவிட்டதாலேயே இருக்கும், நான்தான் மாமா, நான்தான் உங்களுக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்தேன் என்று உள்ளே எல்லாம் ஓடியது. கண் மட்டும் கரித்தது. அதைப் பார்த்துவிட்டு மாமா ஒரு அடி முன்னால் வந்தார். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையைத் தொட்டுப் பேசாத மனுஷன், அவன் தோளில் கையை வைத்து, ஓட்டத்தில் தோற்றுவிட்டு வந்த பையனைத் தட்டுகிற மாதிரி இரண்டு தரம் தட்டினார்.

"இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், நீங்கதானே சொன்னீங்க. விடுங்க. நானே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தமயந்திகிட்ட சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு." கொஞ்சம் தயங்கினார். "அடுத்த தடவை வாங்கறப்ப ஒரு சைஸ் பெருசாப் பாருங்க. இது இடுப்புல அழுத்துது."

ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. செழியன் களிமண் மூட்டையைக் கீழே வைத்தான்.

"சரிங்க மாமா, வாங்கிட்டு வரேன்" என்றான்.